வியாழக்கிழமைக்கு ஒரு குதிகால்

"வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நீ சும்மாதானே இருப்பே?" என்று ஐல்சா கேட்டாள். கேள்வி முடிவதற்குள் ரூரி தலையை ஆட்டிவிட்டான்.

ஆட்டிய பிறகுதான் அவனுக்குத் தன் இடது கால் ஞாபகம் வந்தது. அது வியாழக்கிழமைவரை தாங்காது. செவ்வாய்க்கிழமைக்கு மொராக் என்ற வகுப்புக்காரிக்கு அதைப் பேசி முடித்தாயிற்று. வலது கால் போன வாரமே கைவிட்டுப் போய்விட்டது.

கால் என்றால் முழுக்கால் இல்லை. பாதத்தின் அடியில் காய்த்துப் போயிருக்கும் தோல். கிளாஸ்கோவில் ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பாத மருத்துவக் கல்லூரியில் முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு அது பரீட்சைக் காலம். எலும்பு, நரம்பு, தசை என்று எழுத்துப் பரீட்சைகள் ஒரு பக்கம் கிடக்க, எல்லாரையும் கலக்கியது கத்திப் பரீட்சைதான். பரீட்சகர் பக்கத்தில் நின்று பார்ப்பார். உயிருள்ள ஓர் ஆளின் பாதத்திலிருந்து அந்தக் காய்ப்பை, ரத்தம் வராமல், இதழ் இதழாகச் சீவி எடுக்க வேண்டும். கத்தியைக் கல்லூரி கொடுக்கும். காலை மாணவன் கொண்டுவர வேண்டும்.

அங்கேதான் தகராறு. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் கால் ஏது? பஞ்சு வைத்த செருப்பில் பிறந்து பஞ்சு வைத்த செருப்பில் வளர்ந்தவர்கள். வகுப்பில் எந்தக் காலுறையைக் கழற்றினாலும் உள்ளே வெண்ணெய். வெண்ணெயில் எதைச் சீவுவது? சீவாதவனுக்கு எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது? அதனால் பரீட்சை அட்டவணை வெளியான நாளிலிருந்து கல்லூரியின் சாப்பாட்டுக்கூடம் சந்தையாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரம். மேஜையில் தட்டை வைத்ததும் கைப்பேசியை வைப்பார்கள். இவன் அட்டவணையை அவள் பார்ப்பாள், அவள் அட்டவணையை இவன் பார்ப்பான். தனக்குக் கத்தி விழும் நேரத்தில் எவனுக்குப் பரீட்சை இல்லையோ, அவன் காலுக்கு அச்சாரம்.

இந்தச் சந்தையில் ரூரியின் கால்தான் முதல் தரச் சரக்கு.

அவன் ஜூரா தீவுக்காரன். கல்லூரிக்கு வருமுன் அங்கே தபால்காரனாக இருந்தவன். ஜூராவில் ஒரே ஒரு சாலை; அது முடிகிற இடத்துக்கு அப்பாலும் வீடுகள் உண்டு. சதுப்பிலும் பாறையிலும், அளவு தப்பான பூட்ஸைப் போட்டுக்கொண்டு, மான்கள் வேடிக்கை பார்க்க, கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். நடக்கும்போது அவன் எதையும் கவனிப்பதில்லை. ஏதாவது கனவு கண்டுகொண்டே போவான். அவன் கனவு கண்டுகொண்டிருக்க, பாதம் தன் பாட்டுக்குக் காய்த்துவிட்டது. முதல் வாரத்தில் ஆசிரியர் அவன் காலுறையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தவர், வகுப்பு முழுவதையும் கூப்பிட்டுச் சுற்றி நிற்கவைத்தார். அதற்குப் பிறகு ரூரியிடம் யார் பேச வந்தாலும் முதலில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்கள்.

ஐல்சா மட்டும் அப்படிக் குனிந்ததாக அவனுக்கு ஞாபகமில்லை. ஆனால் அவன் ஞாபகத்தை எந்தக் கோர்ட்டும் சாட்சியாக ஏற்றுக்கொள்ளாது.

அவள் இரண்டாம் பிரிவு. இவன் முதல் பிரிவு. பாடம், ஆசிரியர், பரீட்சை நேரம் எல்லாம் வேறு வேறு. சாப்பாட்டு நேரம் மட்டும் ஒன்று. சில வாரங்களாகவே அவள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார ஆரம்பித்திருந்தாள். சிரிக்கும்போது சூப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரிப்பாள். அந்த மரியாதை ரூரிக்கு மிகவும் பிடித்திருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. அவள் தன் கைப்பேசியையும் அவன் கைப்பேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் வரிவரியாக இறங்கி வந்தாள்.

"திங்கள் உனக்கு எலும்பு. செவ்வாய் காலையில எனக்கு நரம்பு. புதன் சுத்தமா ஆகாது. வியாழன்..."

ரூரி அட்டவணையைப் பார்க்கவில்லை. அதன்மேல் ஊர்ந்துகொண்டிருந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே மழைத்தூறல் கண்ணாடியில் வழிய, அந்த விரல் ஜூராவின் ஒற்றைச் சாலையில் மெல்ல நடந்து போவது போலிருந்தது. அது போய் நின்ற வீட்டில்தான் தான் குடியிருப்பதாக அவன் கற்பனை செய்துகொண்டிருந்தபோது கேள்வி வந்தது. தலையை ஆட்டிவிட்டான்.

"அப்போ வியாழன் பதினொண்ணு. ஆத்தங்கரை டீக்கடையில சந்திப்போம். அங்கேருந்து போயிடலாம்" என்று சொல்லிவிட்டு ஐல்சா எழுந்தாள். போகிறபோது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அவள் மறைந்ததும் பக்கத்து மேஜையிலிருந்து டூகல் நாற்காலியோடு நகர்ந்து வந்தான். டூகல், ரூரியின் அறைத் தோழன். அம்மா வழியில் மீன், அப்பா வழியில் பழைய சாமான் என்று இரண்டு பக்கமும் சந்தை ரத்தம். ரூரியின் பாதங்களை முன்பாதம், குதிகால் என்று நான்கு மனைகளாகப் பிரித்து, வலது இரண்டையும் நல்ல விலைக்கு முடித்துக் கொடுத்தவன் அவன்தான். விலை காசில்லை, இன்னிஸ் என்ற பையன் ஒரு குதிகாலுக்காகப் பரீட்சை முடியும்வரை இவர்களுக்கு மாக்கரோனி பை என்கிற பலகாரம் வாங்கித் தருகிறான்.

"என்ன கேட்டா?"

"வியாழன் பதினொண்ணு."

"என்ன தர்றேன்னா?"

"ஒண்ணும் சொல்லலை."

"நீ என்ன கேட்டே?"

"அவகிட்டப் போய் எப்படிடா விலை கேக்கறது?"

டூகல் தன் மாக்கரோனி பையை ஒரு கடி கடித்து, துக்கத்தோடு மென்றான். "சரக்கை இலவசமாக் கொடுத்தாக்கூடப் பரவாயில்லை. இல்லாத சரக்கைக் கொடுத்திருக்கியே. இடது கால் மொத்தமா மொராக்குக்குப் போகுது. வியாழக்கிழமை அவகிட்ட எதை நீட்டுவே, மூக்கையா?"

ரூரியின் முகம் வெளுத்தது. "ரெண்டு நாள்ல வளராதா?"

"முட்டாளே, தோல்டா அது. காளான் இல்லை."

ரூரி தன் சூப்பைப் பார்த்தான். அவன் மனசுக்குள் ஒரு திட்டம் ரொம்ப நாளாக இருந்தது. பரீட்சை முடிந்த கோடையில் ஜூராவுக்கு வருகிறாயா என்று ஐல்சாவைக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்றுதான் தெரியாமல் இருந்தது. இப்போது அதுவாகவே வழி வந்திருக்கிறது. அவள் இவன் குதிகாலைச் சீவித் தேறுவாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகக் கேட்டுவிடலாம். குதிகாலே இல்லை என்றால்? அவள் தேற மாட்டாள். ஒரு வருஷம் போகும். அதற்குக் காரணமானவன் எந்த முகத்தோடு ஜூராவைப் பற்றிப் பேசுவது?

"அவ உன் முகத்தைப் பார்த்து வர்றான்னு நினைச்சுக்காதே" என்றான் டூகல், மனசைப் படித்தவன்போல. "இந்த மாசம் உன்கிட்டச் சிரிக்கிறவங்க எல்லாரும் உன் காலைப் பார்த்துச் சிரிக்கிறவங்கதான். வருத்தப்படாதே. என் காலைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூட இல்லை."

"கால் வேணும்னுதான் வந்தான்னாகூட, கொடுக்க வேண்டாமா?" என்றான் ரூரி.

டூகல் அவனை ஏற இறங்கப் பார்த்தான். அப்படிப்பட்ட வாடிக்கையாளர் அவன் குடும்பத்துக்கே வாய்த்ததில்லை.

முதல் வேலையாக இருவரும் மொராக்கைப் பிடித்தார்கள். அபர்டீன்காரி. கடைக்காரனையே கெஞ்சவைத்துவிட்டுச் சாமான் வாங்குகிற வகை.

"முன்பாதத்தை எடுத்துக்க, குதிகாலை மட்டும் விட்டுடு" என்றான் டூகல்.

"அப்போ காலுக்கு விலையா நான் கொடுத்த பாடக் குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"அதைத்தான் படிச்சு முடிச்சாச்சே."

"சரி, படிச்சதை மறந்துட்டுக் கொடுங்க."

"மொராக், ஒரு மனுஷன் காதல்ல இருக்கான்."

"நான் தேர்வுல இருக்கேன்."

கடைசியில், பரீட்சை மாதம் முழுக்க அவளுடைய வெள்ளைச் சீருடைகளை டூகல் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பது என்று முடிந்தது. குதிகால் மீண்டது. டூகல் தன் வாழ்நாளில் முதல் தடவையாக நஷ்டத்துக்கு வியாபாரம் செய்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை வந்தது. பரீட்சை அறை வாசலில் மிஸஸ் பாட்டர்சன் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பிரிவுகளின் பரீட்சை நேரங்களும் அவள் கையில்தான். யார் உள்ளே போக வேண்டும், எந்தக் கால் எந்த நாற்காலியில் ஏற வேண்டும் என்று அவள்தான் கூப்பிடுவாள். ரூரியைக் கண்டதும், "வாப்பா தபால்காரா, இன்னிக்கு எந்தப் பக்கம் பட்டுவாடா?" என்றாள்.

"இடது முன்பாதம் மட்டும்."

"உன் கால் தேறின மாதிரி இந்தக் கல்லூரியில எந்தப் பையனும் தேறலை, போ."

நாற்காலி சாய்ந்தது. மேலே விளக்கு மிதமாகச் சுட்டது. மொராக் கருமியாக இருக்கலாமே தவிர, அவள் கை பஞ்சாக இருந்தது. கத்தி தோலைத் தொடுவதே தெரியவில்லை. யாரோ காலடியில் உட்கார்ந்து பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பதுபோல் ஒரு சத்தம். ரூரிக்குக் கண் சொக்கியது.

சொக்கிய கண்ணுக்குள் ஜூரா. படகுத்துறையில் ஐல்சா இறங்குகிறாள். கையில் சூப்புக் கரண்டி. ஏன் என்று தெரியவில்லை, கனவில் அதெல்லாம் கேட்க முடியாது. சாலையில் இருவரும் நடக்கிறார்கள். மான்கள் எழுந்து நின்று வழிவிடுகின்றன. சாலை முடிகிற இடத்தில் அவள் நின்று, "அந்தப் பக்கமும் போகலாமா?" என்று கேட்கிறாள்.

"ம்ம்" என்றான் ரூரி. "போகலாம். எவ்வளவு தூரம் வேணும்னாலும்."

கண் விழித்தபோது பரீட்சகர் மொராக்கின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். "முன்பாதம் முடிஞ்சும் நேரம் இருந்தது. குதிகாலையும் செய்யட்டுமான்னு நோயாளிகிட்ட அனுமதி கேட்டீங்க பாருங்க, அதுதான் முறை. அவரும் எவ்வளவு தாராளமாச் சம்மதிச்சார்!"

ரூரி குனிந்து பார்த்தான். குதிகால், அன்றைக்குப் பிறந்த குழந்தையின் கன்னம்போல் இருந்தது.

"பரீட்சகர்தான் குதிகாலையும் செய்யச் சொன்னார், நான் உன்கிட்ட அனுமதி கேட்டேன்" என்றாள் மொராக் வெளியே வந்ததும். அவளுக்கும் கொஞ்சம் சங்கடம்தான். "நீ வேணாம்னு சொல்லியிருக்கலாமே. எவ்வளவு தூரம் வேணும்னாலும்னு வேற சொன்னே."

"உன்கிட்டச் சொல்லலை" என்றான் ரூரி.

"வேற யார்கிட்டச் சொன்னே? அங்கே நான்தான் கத்தியோட இருந்தேன்."

அன்று சாயங்காலம் ரூரி ஒரு முடிவுக்கு வந்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய தபால்காரப் பூட்ஸை வெளியே எடுத்தான். காலுறை இல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு, மழையில் இறங்கினான். இந்தப் பூட்ஸ்தானே அந்தக் காய்ப்பைக் கொடுத்தது. கொடுத்தது இன்னொரு தடவை கொடுக்காதா?

ஆற்றங்கரையோடு போனான். பாலம் பாலமாகக் கடந்தான். மூடுபனி தண்ணீரிலிருந்து எழுந்து தெருவிளக்குகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு வந்தது. பாரம் தூக்கும் பழைய இரும்புக் கிரேன் ஒன்று ராட்சதனைப்போல் கரையில் ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு நின்றது. அதற்கும் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போகலாம் போலிருந்தது. "ஐல்சா, கோடையில் ஜூராவுக்கு வருகிறாயா?" என்று சொல்லிப் பார்த்தான். சரியில்லை. "ஜூராவில் கோடை நன்றாக இருக்கும்." அது வானிலை அறிக்கை. "ஐல்சா, எங்கள் ஊரில் ஒரே சாலைதான், வழி தவற முடியாது." இது பரவாயில்லை என்று தோன்றியபோது அவன் வழி தவறியிருந்தான். வேறு பேட்டைக்கு வந்துவிட்டிருந்தான். குதிகாலும் நெருப்பாக எரிந்தது. நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டான்.

அறைக்கு வந்து பூட்ஸைக் கழற்றியதும் டூகல் எட்டிப் பார்த்தான். குதிகாலில் ஒரு முட்டை அளவுக்குக் கொப்புளம். அதுவும் உடைந்திருந்தது.

"முதல் வாரம் என்னடா பாடம் நடத்தினாங்க?"

"மெல்ல மெல்ல ரொம்ப நாள் உரசினா காய்ப்பு" என்றான் ரூரி ஈனமான குரலில். "ஒரே நாள்ல உரசினா கொப்புளம்."

"தெரிஞ்சுதான் போனியா?"

"எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியாதேன்னு ஒரு நம்பிக்கை."

"புண்ணு இருக்கிற காலைப் பரீட்சை அறை வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. இப்போ உன்கிட்டச் சரக்கும் இல்லை, கடையும் இல்லை." டூகல் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தான். சந்தை ரத்தம் சும்மா இருக்காது. "ஆள் மாத்திடலாம்."

"என்னது?"

"அவளுக்கு வேண்டியது குதிகால்தானே? உன் குதிகாலா என் மாமா குதிகாலான்னு கத்திக்குத் தெரியுமா?"

ஆர்ச்சி மாமா கிழக்குப் பக்கத்துச் சந்தையில் மீன் விற்பவர். ஈரக் கல் தரையில் நின்றே காலம் தள்ளியவர். புதன்கிழமை காலையில் இருவரும் போனபோது அவர் ஒரு கூடை ஹாடக் மீனை ஐஸின்மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். டூகல் விஷயத்தைச் சொன்னதும், அவர் மறுபேச்சுப் பேசாமல் ரப்பர் பூட்ஸில் ஒன்றைக் கழற்றிக் காலை மரப்பெட்டியின்மேல் வைத்தார்.

ரூரி குனிந்து பார்த்தான். அது குதிகாலா, பாலைவனமா! வெடிப்பும் மேடுமாக, மஞ்சளும் பழுப்புமாக... தன் கால் இதன் முன்னால் வெறும் சில்லறை வியாபாரம்.

"பார்த்துட்டியா? நல்லாப் பார்த்துக்க, மகனே" என்று ஆர்ச்சி காலை மறுபடி பூட்ஸுக்குள் விட்டார். "இப்போ விலை பேசுவோம்."

"மாமா, சொந்தக்காரன் நான்!" என்றான் டூகல்.

"அதனாலதான் உன்கிட்டப் பேசலை. இந்தப் பையன்கிட்டப் பேசறேன். என்ன வேலை பார்த்தே முன்னாடி?"

"தபால்."

ஆர்ச்சியின் கண்கள், வலையில் கனம் தெரிந்த மீனவன் கண்கள்போல் ஆயின. "என்கிட்ட மீன் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள் நேத்து நின்னுட்டான். இன்னிக்கு ஒரு நாள் நீ நடந்து பட்டுவாடா பண்ணு. நாளைக்கு இந்தக் கால் உன்னோடது. கத்தி வச்சுக்கோ, கோடாலி வச்சுக்கோ, நான் கேக்க மாட்டேன்."

"ஐயா, என் குதிகால்ல ஒரு கொப்புளம்..."

"அப்போ நுனிக்கால்ல நட."

ரூரி நுனிக்காலில் நடந்தான். மேடும் படிக்கட்டுமாக இருந்த பேட்டை அது. முதல் மாடி, இரண்டாம் மாடி, கடைசி மாடி என்று ஹாடக்கையும் புகையூட்டிய ஹெர்ரிங் மீனையும் கொண்டுபோய்க் கொடுத்தான். சாயங்காலம் ஆவதற்குள் இடது முன்பாதம், வலது குதிகால், வலது முன்பாதம் என்று மீதி மூன்று மனைகளிலும் கொப்புளம் குடியேறிவிட்டது. ஆனாலும் ஒரு வீட்டையும் அவன் தவறவிடவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம், உள்ளிருந்து ஐல்சா எட்டிப் பார்ப்பதாக ஒரு கனவு வந்து போனது. மீன் வாங்கியவர்கள், இந்தப் பையன் ஏன் இப்படிச் சிரிக்கிறான் என்று மீனை ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

கடைசி வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. ஐல்சாதான்.

"நாளைக்கு மறந்துடமாட்டியே?"

ரூரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். உண்மையைச் சொல்லிவிடுவதுதான் முறை என்று தோன்றியது. ஈரக் கட்டைவிரலால் எழுதினான்: "மறக்கலை. ஆனா என்கிட்ட இப்போ உனக்குக் கொடுக்க ஒண்ணும் மிச்சமில்லை. எல்லாம் மொராக்கிட்டப் போயிடுச்சு. கவலைப்படாதே, எனக்குப் பதிலா வேற ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன்."

பதில் வர நேரமாயிற்று.

"நான் உன்னைத்தானே கேட்டேன்?"

பாவம், தரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்று ரூரிக்குப் புரிந்தது. "என்னைவிட ரொம்ப மேல். வயசும் ஆச்சு, அனுபவமும் ஜாஸ்தி. ஒரு தடவை பார்த்தியானா என்னை மறந்துடுவே" என்று எழுதி அனுப்பினான். காதலில் தியாகம் என்று சொல்கிறார்களே, அது இதுதான் போலும்.

அதற்குப் பதில் வந்ததா, வரவில்லையா என்பது தெரியாது. எழுந்தபோது கைப்பேசி நழுவி ஐஸ் பெட்டிக்குள் விழுந்து, கடைசி ஹெர்ரிங்கின் பக்கத்தில் அணைந்துபோயிற்று.

வியாழக்கிழமை காலை ஆர்ச்சியைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடையைப் பார்த்துக்கொள்ள டூகலை உட்காரவைத்தார். உட்காரவைத்துவிட்டு, அவன் விலை சொல்வது சரியில்லை என்று நின்று பார்த்தார். பிறகு, பரீட்சைக்குப் போகிற காலாயிற்றே என்று நல்ல காலுறை தேடினார். பேருந்தில் அவர்களைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகவே இருந்தது. இறங்கியபோது பதினொன்று தாண்டிவிட்டிருந்தது.

"ஓடுங்க ஐயா" என்றான் ரூரி.

"நீ ஓடு பார்க்கலாம்" என்றார் ஆர்ச்சி.

ரூரிக்கு நான்கு கொப்புளம். ஆர்ச்சிக்கு நல்ல காலுறை இறுக்கம். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் ஆடிக் களைத்தவர்கள்போலச் சாலையைக் கடந்தார்கள்.

எதிரே ஆற்றங்கரை டீக்கடை. கண்ணாடி ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. யாரோ உள்ளிருந்து விரலால் துடைத்து ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தார்கள். அந்த வட்டத்துக்குள் ஒரு பெண். மஞ்சள் உடை. கூந்தலை அவிழ்த்துவிட்டிருந்தாள். மேஜையில் இரண்டு கோப்பைகள். காலடியில் ஒரு மூங்கில் கூடை. மழையும் ஆவியும் கலந்து, தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பவள்போல் தெரிந்தாள்.

ரூரி நின்றுவிட்டான்.

"என்ன மகனே?"

"அந்தப் பொண்ணு... ஐல்சா மாதிரியே இருக்கா."

"அவதானா?"

ரூரி கண்ணை இடுக்கிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க ஐல்சாதான். ஆனால் கனவுக்கும் நினைவுக்கும் நடுவில் குழம்பிக் குழம்பி இரண்டு நாளாக அடி வாங்கியவன் அவன். இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று மனசை உறுதியாக்கிக்கொண்டான். "இருக்காது. பரீட்சைக்கு வெள்ளைச் சீருடை போடணும். தலைமுடியை இறுக்கக் கட்டணும். இல்லைன்னா கத்தியைத் தொடவே விடமாட்டாங்க. அவ நமக்காகக் காத்திருந்து பார்த்துட்டு மேலே பரீட்சை அறைக்குப் போயிருப்பா. வாங்க."

"நல்ல பொண்ணாத் தெரியுது" என்றார் ஆர்ச்சி, திரும்பிப் பார்த்துக்கொண்டே. "அழுத மாதிரியும் இருக்கு."

"எங்க ஐல்சா இந்நேரம் மேலே அழுதுட்டிருப்பா. வாங்க ஐயா!"

கல்லூரி மாடிப்படியை ரூரி கைப்பிடியில் தொங்கிக்கொண்டு ஏறினான். ஒவ்வொரு படியிலும் உள்ளங்காலில் கத்திப் பரீட்சை நடந்தது. நடைபாதையில் ஈரக் கால்தடமும் ஹாடக் வாசனையும் அவர்களுக்குப் பின்னால் வந்தன. பரீட்சை அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு எரியவில்லை. வாசலில் மிஸஸ் பாட்டர்சன் மட்டும் ஸ்கோன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"மிஸஸ் பாட்டர்சன்! முடிஞ்சுடுச்சா? ஐல்சா எங்கே?" ரூரிக்கு மூச்சு வாங்கியது. "கொஞ்சம் சொல்லுங்களேன், தாமதம் என்னாலதான். அவளை உள்ளே விடச் சொல்லுங்க. இதோ கால் கொண்டு வந்திருக்கேன். ஐயா, காட்டுங்க!"

ஆர்ச்சி காலணியையும் நல்ல காலுறையையும் கழற்றி, குதிகாலைத் தூக்கி மேஜை ஓரத்தில் வைத்தார். மிஸஸ் பாட்டர்சன் ஸ்கோனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். குதிகாலைப் பார்த்தாள். ஆர்ச்சியைப் பார்த்தாள். ரூரியின் பூட்ஸிலிருந்து கசிந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"யாருக்குப்பா இது?"

"ஐல்சாவுக்குத்தான்! பதினொரு மணிக் கத்திப் பரீட்சைக்கு!"

மிஸஸ் பாட்டர்சன் வெண்ணெய்க் கத்தியை மெல்லக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணு போன வாரமே தேறிட்டாளேப்பா, உங்க ரெண்டு பேருக்கும் பரீட்சையே இல்லாத நேரம் ஏதாவது இருக்கான்னு என்னைத் தினமும் நச்சரிச்சு, வியாழக்கிழமை பதினொண்ணைக் கண்டுபிடிச்சு வாங்கிட்டுப் போனா!"